பி.சி.ஓ.எஸ் ஏன் வருகிறது? வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்

வாவிக்கரை கேட்டது:

அக்காமாரே, தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். எனக்கு 20 வயது, ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். 13 வயதில் பெரியபிள்ளையானேன். முதல் ஒரு வருடம் ஒழுங்காக வந்தது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருக்கால், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் என்று இழுபட்டு, ஏ.எல் எடுத்த வருடம் ஐந்து மாதம் வரவே இல்லை. படிப்பு டென்ஷன் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், உண்மையைச் சொன்னால் வராதது வசதியாகவும் இருந்தது. இப்போது நாடியில் நாலைந்து தடித்த முடி. இரண்டு நாளைக்கு ஒருமுறை கதவைப் பூட்டிக்கொண்டு பிடுங்குகிறேன்.

போன மாதம் அம்மா ஒரு பெண்நோய் டொக்டரிடம் சனல் பண்ணிக் கூட்டிப் போனார். வாங்கில் மூன்று மணி நேரம், உள்ளே நாலு நிமிடம். ஸ்கேன் எடுத்து, "பி.சி.ஓ.எஸ், சூலகம் முழுக்க நீர்க்கட்டி, உடம்பைக் குறையுங்க, கலியாணம் முடிச்சா சரியாகும்" என்றார். ஏன் வந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தலையிடி தொடங்கியது. பெரியபிள்ளையான நேரம் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் தர நான் ஓங்காளித்துத் துப்பினேனாம், அதுதான் கருப்பை பலப்படவில்லையாம், இது அம்மம்மா. பெரியம்மா புரொய்லர் கோழி என்கிறார். அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான், என் கையில் இருக்கிற போன். அப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, அன்றைக்கு வந்திருந்தார், அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

அம்மாதான் பாவம், தன் வளர்ப்புப் பிழை என்று தன்னையே ஏசிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது. 15 வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றடியில் இருத்தி, பீர்க்கு நாரும் பாதித் தேசிக்காயும் வைத்துத் தேய்ப்பார், தோல் சிவந்து எரியும், கறுப்பு மட்டும் அசையாது. "பொம்பளைப் புள்ளைக்கு இப்படி அழுக்குக் கழுத்தா" என்பார். அதையும் டொக்டர் பார்த்தார், துண்டில் ஏதோ எழுதினார், என்னவென்று சொல்லவில்லை.

நான் அப்படிக் குண்டும் இல்லை. 5 அடி 2 அங்குலம், 58 கிலோ. பிறகு ஏன் எனக்கு? யாருடைய பிழை இது?

வெள்ளைத்தொப்பி எழுதியது:

தங்கச்சி, நான் கல்முனைப் பக்கம் தாதியாக இருக்கிறேன், பெண்நோய் வார்ட்டில் சில வருடம் நின்றிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் "நீர்க்கட்டி" என்ற சொல்லை மனதிலிருந்து எடுத்து விடுங்கள். கட்டி என்றதும் வெட்டி எடுக்கிற ஏதோ என்று வீட்டில் பயப்படுவார்கள். ஸ்கேனில் கறுப்புப் புள்ளியாகத் தெரிவது முட்டை வளரும் சின்னப் பைகள், எல்லாப் பெண்களுக்கும் இருப்பவை. வழமையாக மாதத்துக்கு ஒன்று மட்டும் பெருத்து, வெடித்து, முட்டையை விடும். உங்களுக்கு நிறையப் பைகள் கொஞ்சம் வளர்ந்து, 2 முதல் 9 மில்லிமீற்றர் அளவில் அப்படியே நின்று விடுகின்றன. ஆகவே அந்தப் புள்ளிகளால் நோய் வரவில்லை, நோயால்தான் அந்தப் புள்ளிகள். பி.சி.ஓ.எஸ் என்ற இங்கிலீசுப் பேருக்கு நிறைய நீர்க்கட்டியுள்ள சூலக நோய் என்றுதான் அர்த்தம், இந்தப் பெயரே ஆட்களைக் குழப்புகிறது, மாற்றுங்கள் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2012லேயே சொன்னது.

இன்னொரு விஷயம். 13இல் பெரியபிள்ளையானவருக்கு 20இல் இன்னும் 8 வருடம் முடியவில்லை. அந்த 8 வருடத்துக்குள் ஸ்கேனை வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டாம் என்றுதான் இப்போதைய சர்வதேச வழிகாட்டி சொல்கிறது, இளம் சூலகம் இயல்பாகவே நிறையப் பைகளோடு இருக்கும் என்பதால். அதற்காக உங்கள் டொக்டர் சொன்னது பிழை என்று ஆகாது. 2003இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த கணக்குப்படி மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண் ஹோர்மோன் கூடியதற்கான அடையாளம், ஸ்கேன். ஐந்து மாதம் வராததும் நாடி முடியும் சேர்ந்தாலே இரண்டு வந்துவிட்டது. ஆனால் இதே மாதிரி வேஷம் போடுகிற வேறு நோய்களும் இருக்கின்றன. தைரொயிட், புரோலக்டின், 17-ஹைட்ரொக்சி புரொஜெஸ்டரோன் இவற்றுக்கு இரத்தம் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அடுத்த தரம் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது அதிரீனல் சுரப்பியில் பிறவியிலேயே இருக்கிற ஒரு கோளாறைப் பிடிக்க, அதிலும் முடி வளரும், மாதவிடாய் குழம்பும்.

இப்போது "ஏன்" என்பதற்கு வருகிறேன். வீட்டில் காது மந்தமான தாத்தா ஒருவர் டிவி பார்க்கிறார் என்று வையுங்கள். கேட்கவில்லை கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அவருக்கு ஒருவாறு கேட்கும், பக்கத்து அறையில் படிக்கிற பிள்ளைக்கு மண்டை வெடிக்கும். இதில் தாத்தா உங்கள் தசையும் ஈரலும், சத்தம் இன்சுலின். சீனியை உள்ளே எடு என்று இன்சுலின் சொல்வது அவற்றுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் கணையம் மேலும் மேலும் இன்சுலினை விடுகிறது. சூலகத்துக்கோ காது நன்றாகக் கேட்கும். அவ்வளவு இன்சுலினும் போய் அங்கே இடிக்கும்போது, கபச்சுரப்பியிலிருந்து வரும் எல்.எச் என்ற ஹோர்மோனோடு சேர்ந்து, சூலகம் அளவுக்கு மிஞ்சி ஆண் ஹோர்மோனைச் செய்கிறது. எல்லாப் பெண்களின் உடம்பிலும் அது கொஞ்சம் உண்டு, இங்கே கூடிப் போகிறது. இன்னும் ஒரு வேலை நடக்கும்: டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹோர்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கிற ஒரு புரதத்தை ஈரல் செய்கிறது, இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும். கட்டவிழ்ந்த ஹோர்மோன் நாடியில் முடியாக, முகத்தில் பருவாக வெளியே வரும், உள்ளே முட்டைப் பைகளை முற்ற விடாமல் தடுக்கும்.

அந்தக் கழுத்துக் கறுப்பு அழுக்கே இல்லை. அதே மிதமிஞ்சிய இன்சுலின் தோலைத் தடிக்கப் பண்ணி வெல்வெட் மாதிரிக் கறுக்க வைக்கிறது. அக்குளிலும் பாருங்கள், இருக்கும். அம்மாவிடம் சொல்லித் தேய்ப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள், தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிக்கும்.

58 கிலோ குண்டில்லை என்பது வெள்ளைக்காரர் அட்டவணைக்குச் சரி. உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று பார்க்கிற பி.எம்.ஐ கணக்கு உங்களுக்கு 23.4 வருகிறது. அவர்களுக்கு 25க்கு மேல்தான் கூடுதல், ஆசிய ஆட்களுக்கு 23இலிருந்தே கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் ஒரு கோடு கீறியிருக்கிறது, ஏனென்றால் நமக்குக் கைகால் மெலிந்திருக்கும், கொழுப்பெல்லாம் வயிற்றில் கிடக்கும். ஒரு நாடாவை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள், 80 சென்டிமீற்றருக்கு மேலே என்றால் அதுதான் விஷயம்.

கலியாணம் முடித்தால் சரியாகும் என்ற கதையை விடுங்கள். தாலி கட்டியது இன்சுலினுக்குத் தெரியாது.

மட்டுநகர் மாமா எழுதியது:

இவ்வளவு நீளம் எழுதத் தேவையில்லை. எங்கள் காலத்தில் ஊரில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா? ஊர்க்கோழி அடித்தோம், வாவி மீன் தின்றோம், குரக்கன் பிட்டு, கட்டித்தயிர். எட்டுப் பத்துப் பிள்ளை பெற்றார்கள். இப்போது ஊசி போட்டு ஒரு மாதத்தில் ஊதின கோழியைக் கொத்து ரொட்டியில் போட்டு ஒவ்வொரு இரவும் விழுங்கினால் பெண்பிள்ளைக்கு மீசை முளைக்காமல் என்ன செய்யும்? அந்த ஹோர்மோன் எல்லாம் எங்கே போகும்? டொக்டர்மார் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உன்னிச்சைப் பண்ணை எழுதியது:

ஐயா, கோபிக்க வேண்டாம், நான் கோழி வளர்க்கிறவன். 1,500 குஞ்சு போட்டிருக்கிறேன். 1,500 கோழியைப் பிடித்து நாளாந்தம் ஊசி போட எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு செலவு, ஒரு கோழியில் எனக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒருதரம் பட்டியில் வந்து பாருங்கள். வளர்ச்சி ஹோர்மோன் புரதம், தீனியில் கலந்தால் வயிற்றில் செரித்துப் போகும், ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. யாரும் செய்வதில்லை. எங்கள் பட்டியில் குஞ்சுக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பது கம்போரோ மாதிரி நோய்களுக்கான தடுப்பு மருந்து, அதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஹோர்மோன் என்று கதை கட்டுகிறார்கள் போல. 35, 40 நாளில் 2 கிலோ வருவது பல தலைமுறையாக வேகமாக வளரும் கோழியைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதாலும் தீனியாலும். அன்ரிபயோட்டிக் பாவிக்கிற கதை வேறு, அதில் ஆட்கள் கேள்வி கேட்பது நியாயம், ஆனால் அதற்கும் இந்த வருத்தத்துக்கும் முடிச்சுப் போட ஏலாது.

ஆனால் ஒன்று, கொத்தைப் பற்றி மாமா சொன்னதில் பாதி சரி. பிழை கோழியில் இல்லை, பக்கத்தில் வாங்குகிற அந்தப் பெரிய சோடாப் போத்தலிலும், மாவிலும், இரவு பதினொரு மணிக்குத் தின்றுவிட்டு அப்படியே படுப்பதிலும் இருக்கிறது.

நிந்தவூர் ராத்தா எழுதியது:

எனக்கு 34 வயது, விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், 17 வயதிலிருந்து இந்த வருத்தத்தோடு இருக்கிறேன். அதிலும் நான் மெலிந்த ஆள், கலியாணத்தின்போது 44 கிலோ. "உடம்பைக் குறைங்க" என்று ஒரு டொக்டர் என்னிடமும் சொன்னார், எதைக் குறைக்க என்று கேட்டேன், அவரும் சிரித்துவிட்டார். மெலிந்தவர்களுக்கும் வரும் தங்கச்சி. மெலிந்த சிலருக்கும் அந்த இன்சுலின் மந்தம் இருக்கிறது, கழுத்தில் தெரியாமல்.

"எங்கள் காலத்தில் இல்லை" என்று எழுதியவருக்கு ஒரு விஷயம். 1721இல் வல்லிஸ்னேரி என்ற இத்தாலிய வைத்தியர் ஒரு இளம் குடியானவப் பெண்ணைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கொஞ்சம் பருமன், பிள்ளை இல்லை, சூலகம் இரண்டும் பெருத்து, வெளிறி, மினுங்கி, புறா முட்டை மாதிரி. அப்போது எந்த ஊரில் புரொய்லர் விற்றது, யார் கையில் போன் இருந்தது? பிறகு 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரண்டு டொக்டர்மார் ஏழு பெண்களை வைத்து எழுதியதிலிருந்துதான் இது ஒரு நோயாகப் பேர் பெற்றது, பல காலம் அவர்கள் பேரால்தான் அழைத்தார்கள். நம் ஊரிலும் இருந்தது, "அவளுக்கு மாசம் ஒழுங்கில்லை", "அவள் மலடி" என்று சொல்லி மூலையில் விட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எட்டுப் பிள்ளை பெற்றவளைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பார்கள், ஒன்றுமே பெறாதவளைப் பற்றிக் கதைப்பதில்லை.

சரி, காரணம். இதில் ஒற்றைக் காரணம் என்று ஒன்று கிடையாது, அதுதான் எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் பெரிய பங்கு பரம்பரைக்கு. நெதர்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. ஒரே உருவ இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்டு, ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வராமல் போகிற வித்தியாசத்தில் சுமார் 70 வீதம் பரம்பரையால் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பரம்பரைக்கு ஒரு தனி ஜீன் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2011இல் சீனாவில் ஆயிரக்கணக்கான பெண்களின் மரபணுவைத் தேடி இந்த வருத்தத்தோடு தொடர்புள்ள முதல் மூன்று இடங்களைக் கண்டுபிடித்தார்கள், அதில் ஒன்று அந்த அக்கா மேலே சொன்ன எல்.எச் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியின் ஜீன் இருக்கிற இடம். பிறகு இன்னும் பல இடங்கள் சேர்ந்தன. எல்லாம் சேர்த்தாலும் அந்தப் பரம்பரைப் பங்கில் கொஞ்சத்தைத்தான் விளக்க முடிகிறது.

அடுத்தது கருவில் இருக்கும்போதே விழுகிற விதை. குரங்குகளில், தாய் வயிற்றிலிருக்கும் பெண் குட்டிக்கு ஆண் ஹோர்மோன் கூடப் போனால் அது வளர்ந்த பிறகு ஏறக்குறைய இதே வருத்தம் வருகிறது. 2018இல் பிரான்சில் எலிகளை வைத்து, கர்ப்பத்தில் ஏ.எம்.எச் என்ற ஹோர்மோன் கூடினால் குட்டிகளுக்கு இந்த மாதிரி வருவதைக் காட்டினார்கள். இதைச் சொன்னதும் உங்கள் அம்மா இன்னொரு தரம் தன்னை ஏசப் போகிறார். அவர் எதையோ தின்றதாலோ தின்னாமல் விட்டதாலோ அல்ல, கர்ப்பத்தில் ஹோர்மோன் எவ்வளவு சுரக்க வேண்டும் என்று எந்தத் தாயும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை.

பிளாஸ்டிக்கில் வருகிற பி.பி.ஏ என்ற இரசாயனம் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த வருத்தம் உள்ள பெண்களின் இரத்தத்தில் அது கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அதனால்தான் வருத்தம் வந்ததா, வருத்தத்தால் அது உடம்பில் தங்குகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சூட்டுச் சாப்பாட்டை பிளாஸ்டிக்கில் வாங்காமல் விட்டால் நட்டமில்லை, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

இங்கே நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களை வீடு வீடாகப் பார்த்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது, 100 பேரில் சுமார் 6 பேருக்கு இருந்தது. உலக அளவில் 100க்கு 8 முதல் 13 வரை என்கிறார்கள். பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன பல வருடமாக இதில் வேலை செய்கிறவர், தென்னாசியப் பெண்களுக்கு வெள்ளைக்காரப் பெண்களை விட இளம் வயதிலேயே அறிகுறி தொடங்குகிறது, இன்சுலின் மந்தமும் கூடுதல் என்று 2002லேயே காட்டியவர். உங்கள் வகுப்பில் 40 பெண்பிள்ளைகள் இருந்தால் இரண்டு மூன்று பேர் உங்களைப் போலவே கதவைப் பூட்டிக்கொண்டு நாடியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

என் கதையைச் சொன்னால், எங்கள் வாப்பா பக்கத்தில் ஏழு பேரில் ஐந்து பேருக்குச் சீனி வருத்தம், அதற்கும் இதே இன்சுலின் மந்தத்தோடு தொடர்பு உண்டு. என் தங்கைக்கும் பி.சி.ஓ.எஸ். உம்மா பக்கத்தில் யாருக்கும் எதுவும் இல்லை. பெண்களின் வருத்தம் என்பதால் எல்லோரும் தாய் வழியைத்தான் தோண்டுவார்கள், தகப்பன் வழியாகவும் வரும். அப்பா பக்கத்தையும் விசாரியுங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், முதலாவதுக்கு முட்டை வளர மருந்து எடுத்தேன், இரண்டாவது மருந்தே இல்லாமல் வந்து நின்றது.

கடைசி பஸ் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. வலிப்புக்குக் கொடுக்கிற சோடியம் வல்புரோயேட் என்ற மருந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம். என் மச்சாளுக்கு அப்படித்தான், மாதவிடாய் நின்று, நிறை கூடி, இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு டொக்டர் மருந்துக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இது எப்போதிருந்து போடுறீங்க" என்று கேட்டார். வாவிக்கரைக்கு இது இல்லை என்று நினைக்கிறேன், வாசிக்கிற வேறு யாராவது அந்த மருந்து எடுத்தால் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தப் போனால் வலிப்பு வந்து வேறு வினை.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வலிப்பு மருந்து ஒன்றும் எடுப்பதில்லை. இடுப்பு 86. வெள்ளைத்தொப்பி அக்கா, என் பாட்டில் விட்டால் என்ன நடக்கும்? மாதாமாதம் வராவிட்டால் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லையே. அதோடு பரம்பரை என்றால் நான் நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் என்ன பிரயோசனம்?

வெள்ளைத்தொப்பி எழுதியது:

விடக்கூடாது. முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்பூச்சு உதிராமல் தடித்துக்கொண்டே போகும், வருடக்கணக்கில் அப்படி விட்டால் பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வருகிற வாய்ப்புக் கூடும். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் டொக்டரிடம் போய் வரவழைக்க மருந்து எடுக்க வேண்டும். அதோடு சீனி வருத்தம் இளம் வயதிலேயே எட்டிப் பார்க்கும். வெறும் வயிற்றில் ஒருதரம் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்கிற பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றுச் சீனி மட்டும் பார்த்தால் பலருக்குத் தப்பிப் போகும்.

பிரயோசனம் உண்டு. தாத்தாவின் காதை முழுதாகத் திருத்த முடியாது, ஆனால் தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் கொஞ்சம் கூடக் கேட்கும், நிறை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும். நிறை கூடின ஆட்களுக்கு 5 முதல் 10 வீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. உங்கள் 58இல் 5 வீதம் 3 கிலோ கூட இல்லை. மூன்று நேரமும் சோறு, பிட்டு, பாண் என்று மாவிலேயே ஓடாமல் ஒரு நேரத்திலாவது தட்டில் பாதியை மரக்கறிக்கும் மீனுக்கும் கொடுங்கள். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களே எண்ணுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ராத்தா சொன்னபடி விசாரித்தேன். அம்மாவுக்கு மணிக்கூடு மாதிரி 30 நாளுக்கு ஒருமுறை வந்ததாம், அம்மம்மாவுக்கும் அப்படித்தானாம். அப்பாவிடம் இதை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை மாமி தயிர் முட்டியோடு வந்தார். சும்மா கேட்பது மாதிரி, மாமி உங்களுக்கு அந்தக் காலத்தில் ஒழுங்காக வருமா என்றேன். கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, நாடியை நிமிர்த்திக் காட்டினார். கீழே முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி. "இருவத்தஞ்சு வருசமா விடியக்காலம்பற எழும்பி எடுக்கன் மனே, உன்ட மாமாக்கும் தெரியா" என்றார்.

மாமிக்குக் கலியாணம் முடித்து பதினொரு வருடம் கழித்துத்தான் மச்சான் பிறந்தான். அதுவரை கோயில் கோயிலாகப் போனதும், ஊரில் ஒரு நல்ல காரியத்துக்கு முன்னுக்கு நிற்க விடாததும் எல்லாம் சொன்னார். அந்தக் காலத்தில் யாரும் அதற்கு ஒரு பேர் சொல்லவில்லையாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கோழி, போன் என்று கத்தும்போது, உன்னைப் பார்த்தால் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது, வாயைத் திறந்தால் அழுதிருப்பேன், அதுதான் எழும்பிப் போனேன் என்றார். அப்பாவின் அம்மாவுக்குச் சீனியால் கால் விரல் இரண்டு எடுத்தது எனக்கு முதலே தெரியும், அதை இதோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

இப்போது வீட்டில் அம்மம்மா மட்டும் நல்லெண்ணெயை விடுவதாக இல்லை. அம்மா அடங்கிவிட்டார், போன ஞாயிறு பீர்க்கு நாரைத் தேடினேன், சட்டி கழுவுகிற இடத்தில் கிடந்தது. இடுப்பை அளந்ததிலிருந்து நானும் மாமியும் பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடக்கிறோம், பாதி நேரம் கதைதான். செவ்வாய்க்கிழமை அந்தக் குளுக்கோஸ் பரிசோதனைக்குப் போகிறோம், இரண்டு பேரும். அப்பாவும் தனக்கும் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

வெள்ளைத்தொப்பி அக்கா, விடியக்காலம்பற ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகலாமா, சீனி போடாமல்?

வெள்ளைத்தொப்பி எழுதியது:

பிளேன்டீயும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணி நேரம், பச்சைத்தண்ணீர் மட்டும். குளுக்கோஸைக் குடித்த பிறகு அந்த இரண்டு மணி நேரமும் கடை தெரு என்று உலாத்தப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள், நடந்தால் கணக்குப் பிழைக்கும். அப்பாவையும் கூட்டிப் போங்கள். வெறும் வயிற்றில் அவ்வளவு இனிப்பு உள்ளே போனால் குமட்டும், மாமியிடம் சொல்லி ஒரு தேசிக்காய் கொண்டு போங்கள், மணந்து பார்க்க.